தக்காளிக்கு மெத்தை

இப்போதெல்லாம் கறிவேப்பிலை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. மேலே விலை ஒட்டியிருக்கிறது. கதவு தானாகத் திறக்கும் பெரிய கடையில், குளிர்ந்த அலமாரியில், பிறந்ததே அங்கேதான் என்பதுபோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கழுவிச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விலைச்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் பொட்டலக்காரர் இதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பொட்டலக்காரர் என்பது எங்கள் தெருக்கோடியில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்குத் தெரு வைத்த பெயர். அவர் கட்டிய பொட்டலம் வீடு வரைக்கும் பிரியாது. காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி, பருப்பைக் கொட்டி, வாயை மூன்று மடிப்பு மடித்து, தலைக்கு மேலே தொங்கும் கண்டிலிருந்து சணலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, கத்தரிக்கோல் இல்லாமல் விரலாலேயே அறுப்பார். பார்த்துக்கொண்டே நிற்கலாம். நிற்பதற்கு வசதியாகக் கல்லாவுக்கு எதிரே ஒரு முக்காலியும் போட்டிருந்தார்.

எந்த வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். "இது புதுப் பருப்பும்மா, சீக்கிரம் வெந்துடும். அடுப்புல வெச்சுட்டு போன்ல பேச உக்காந்துடாதீங்க" என்பார். "பழைய புளி, கம்மியா கரைங்க" என்பார். சில நாள் விற்கவே மாட்டார். என் மனைவி ஒருமுறை ஜீரகம் கேட்டபோது, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, "இது வெறும் உமிம்மா. நாளைக்கு வாங்க, நல்லது வருது" என்று திருப்பி அனுப்பினாராம். கேட்ட பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவரை நான் ஒரு நாள் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் அப்பா யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கியதில்லை. பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நீட்டிய ஆரஞ்சுச் சுளையைக்கூட, பதிலுக்குக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்பதால் மறுத்தவர். ஓசியில் வந்த பொருள் எங்கள் வாசல்படி தாண்டியதில்லை என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், மளிகைப் பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் இருந்தன. நான் எழுதிக் கொடுத்த சீட்டில் அவை இல்லை. மனைவியிடம் கேட்டேன்.

"கொசுறுங்க" என்றாள்.

அந்தக் கொத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. கல்லா மேல் வைத்து, "எங்க வீட்டுக்குக் கொசுறு வேண்டாம். கை நீட்டற குடும்பம் இல்ல இது" என்றேன். பொட்டலக்காரர் கொத்தை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு அடுத்தவருக்கு உளுந்து நிறுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் பையைப் பிரித்தால், தக்காளிக்கு அடியில் மறுபடியும் கறிவேப்பிலை. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "அது கொசுறு இல்லீங்க. தக்காளி நசுங்காம இருக்க மெத்தை போட்டிருக்கார்."

யோசித்தேன். பொருளைச் சேதமில்லாமல் கட்டிக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. பொட்டலம் கட்டிய காகிதத்தையும் சணலையும் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. மெத்தை என்றால் மெத்தைதான். விட்டுவிட்டேன். அதன்பின் இருபத்தாறு வருடம் எங்கள் வீட்டுத் தக்காளி பச்சை மெத்தையில் படுத்துத்தான் வந்தது. ஒரு பழம் நசுங்கியதில்லை. அந்த மெத்தையை மனைவி பிறகு என்ன செய்தாள் என்று நான் கேட்டதும் இல்லை. ரசம் மணமாக இருந்தது, குடித்தேன்.

அந்த ரசத்தைப் பற்றிச் சொன்னால் என் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் படிக்கும் காலத்தில் நான்கு வருடம் எங்களோடு இருந்தான். சாப்பாட்டில் என்ன இருந்தாலும் கடைசியில் ஒரு டம்ளர் ரசம் தனியாக வாங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு குடிப்பான். "அண்ணி, இதுக்காகவே பரீட்சையில கோட்டை விட்டு இன்னும் ஒரு வருஷம் இருந்துடலாம்னு பாக்கறேன்" என்பான். "ஒரு அடி விட்டா தெரியும்" என்பாள் இவள்.

என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் ஒரு ஜோடி வளையல் கொண்டுவந்தான். சித்தப்பா முறைக்குச் செய்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தம்பி கொடுத்துத்தான் பெண்ணுக்கு நகை நிறைந்தது என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. உறவினர் கூடியிருந்த இடத்தில் பெட்டியை அவன் கையிலேயே திருப்பி வைத்து, "என் பொண்ணுக்குச் செய்ய எனக்குத் தெரியும்" என்றேன். மறுநாள் தாலி கட்டும்வரை நின்றான். பந்தியில் உட்காரவில்லை. ஒன்பது வருடம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தான். வேலை மாற்றலாகி அடுத்த வாரம் வெகுதூரம் போகிறானாம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரலாமாண்ணா? ரொம்ப நேரம் இருக்க மாட்டோம். அண்ணி ரசம் ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போயிடறோம்."

"வா" என்றேன். போனை வைத்த பிறகுதான் மனைவியின் வலது கை நினைவுக்கு வந்தது. புதன்கிழமை துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு.

"கை உடைஞ்சிருக்குன்னு சொல்லாதீங்க. சொன்னா வர மாட்டான்" என்றாள்.

"அப்போ யார் சமைக்கிறது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. ஆபீஸ்ல முப்பது வருஷம் அடுத்தவங்களுக்கு உத்தரவு போட்டீங்கல்ல, ஒரு நாள் கேட்டுப் பாருங்க."

அன்று கல்யாணத்தில் சாப்பிடாமல் போனவன் இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு காலை அவள் சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதினேன். துவரம்பருப்பு, புளி, மிளகு, ஜீரகம், பெருங்காயம், பூண்டு, தக்காளி அரைக் கிலோ, பீன்ஸ், உருளைக்கிழங்கு, அப்பளம். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். எட்டு மணிக்குக் கடையில் இருந்தேன். இருபத்தாறு வருடத்தில் இரண்டாவது தடவை.

பொட்டலக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். முக்காலியைத் துணியால் துடைத்தார். "உக்காருங்க ஐயா. அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு? ராத்திரி வலி இருக்கா?" என்று கேட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மிளகில் கனமானதாகப் பொறுக்கினார். தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "ரசத்துக்குத்தானே? இந்தப் பழுத்தது போடறேன், கையாலயே பிசைஞ்சுடலாம். நீங்களா சமைக்கிறீங்க?" என்றார்.

"மேற்பார்வை" என்றேன்.

"அது சரி" என்றார், மீசைக்குள்ளேயே.

தக்காளியைப் பையில் வைக்கும்போது ஒரு நொடி தயங்கினார். பின்பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பழைய செய்தித்தாள் இரண்டைக் கசக்கி அடியில் போட்டு, அதன்மேல் தக்காளியை அடுக்கினார். நான் அதைப் பார்த்தேன்; ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் மனைவி இடது கையால் பையைத் துழாவினாள். "மெத்தை எங்க?"

"இதோ, காகிதம் போட்டிருக்கார்."

"காகிதமா?" அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். "உங்களைப் பாத்துப் பயந்துட்டார், பாவம். இப்போ கருவேப்பிலைக்கு எங்க போறது?"

"சீட்டுல நீ சொல்லலியே."

"சீட்டுல அது எப்பவுமே இருந்ததில்லீங்க. கருவேப்பிலையை யாராவது சீட்டுல எழுதுவாங்களா?"

"சரி, போய் வாங்கிட்டு வரேன். என்ன விலை?"

"அவர் விக்கறதில்ல. கடைக்குப் பின்னால ட்ரம்ல நிக்குது, அவர் வீட்டுக்காரம்மா வெச்ச மரம். அந்தம்மா போனப்புறம் அதுல காசு பாக்க மனசு வரலைன்னு சொல்லியிருக்கார். கேட்டா தருவார். கேக்கணும்."

கேட்கணும் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு அழுத்தமாகத்தான் கேட்டது.

"அது இல்லாம ரசம் வைக்க முடியாதா?"

"வைக்கலாம். புளித்தண்ணி மாதிரி இருக்கும். உங்க தம்பிக்கு ஒரு வாயில தெரிஞ்சுடும்." பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு சொன்னாள்: "தக்காளிக்கா மெத்தை போட்டோம்? உங்க வைராக்கியத்துக்குல்ல இருபத்தாறு வருஷமா மெத்தை போட்டுட்டிருக்கோம், நானும் அவரும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆனால் பொட்டலக்காரர் கடைக்குப் போகவில்லை. காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளிக் காய்கறி விற்கும் அம்மாவிடம் போனேன்.

"ஒரு கட்டுக் கருவேப்பிலை என்ன விலை?"

"காய் என்ன வேணும்?"

"காய் வேண்டாம். கருவேப்பிலை மட்டும்."

"கால் கிலோ வெண்டைக்காய் எடுங்க, சும்மாவே தரேன்."

"சும்மா வேண்டாம். விலை சொல்லுங்க."

அந்த அம்மா பக்கத்தில் நின்றவளைத் தொட்டு, "இங்க பாருடி, கருவேப்பிலைக்கு விலை கேக்கறாரு மனுஷன். அப்புறம் கட்டியிருக்கிற நாரைக்கூட விலை பேசுவாரு போல" என்றாள். இருவரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள். நான் நிமிர்ந்து நடந்து வந்துவிட்டேன். நிமிர்ந்து நடப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கை மட்டும் காலியாக இருந்தது.

பொட்டலக்காரர் கடையில் மூன்று பேர் நின்றார்கள். அரிசி மூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

"என்னங்க ஐயா, ஏதாவது விட்டுப்போச்சா?"

"முதல்ல அவங்களைப் பாருங்க."

மூவரும் போனார்கள். போவதற்குள் இன்னும் இருவர் வந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி தாண்டிவிட்டது. ஒரு மணிக்குத் தம்பி வந்துவிடுவான். பருப்பு இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

"ஐயா?"

"ஒண்ணுமில்ல. தக்காளிக்கு நீங்க மெத்தை போடல."

"காகிதம் போட்டேனே."

"காகிதம் சரியில்ல."

அவர் கை நின்றது. முகத்தில் நிஜமான கவலை. "நசுங்கிடுச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவர் கட்டிய பை அது. அதில் ஒரு பழம் நசுங்கியது என்று பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"நசுங்கல" என்றேன்.

பின்னால் நின்ற பெண்மணி, "நசுங்காத தக்காளிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? நகருங்க சார், எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்குக் கொசுறு வேணும்."

பொட்டலக்காரர் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்துகொண்டு போனார். கிளை ஒடியும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. நான் எண்ணாமல் நின்றேன். அவர் திரும்பி வரும்போது கை நிறைய இலை. அதோடு ஒரு கட்டுக் கொத்தமல்லியும் ஒரு துண்டு இஞ்சியும்.

"இவ்வளவு எதுக்கு?"

"நீங்க அன்னிக்குத் திருப்பிக் குடுத்ததும் இதுல சேர்த்திதாங்க."

கையை நீட்டினேன். வாங்குவதற்காகக் கையை நீட்டும்போது உள்ளங்கை மேலே பார்த்திருக்கும் என்பது அப்போதுதான் என் கவனத்தில் பட்டது. இலையில் ஈரம் இருந்தது.

"ஐயா" என்று கூப்பிட்டார். "நீங்க வாய் விட்டுக் கேட்டீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நம்ப மாட்டாங்க. நான்தான் ஏதோ செஞ்சு அனுப்பினேன்னு என்னைத் திட்டுவாங்க."

வீட்டில் மனைவி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "பருப்பை ஏத்துங்க" என்றாள்.

அதன்பின் சமையலறையில் நடந்ததை விரித்துச் சொல்வது எங்கள் குடும்ப கௌரவத்துக்கு நல்லதல்ல. புளியைக் கரைக்கச் சொன்னால் கொட்டையோடு கரைத்தேன். மிளகையும் ஜீரகத்தையும் இடிக்கும்போது பாதி மிளகு தரையில் ஓடியது. "இடிக்கச் சொன்னா துரத்தறீங்களே" என்றாள். தக்காளியைக் கையால் பிசைந்தபோது சட்டையெல்லாம் தெறித்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மாவுக்கட்டை ஆட்டி ஆட்டி உத்தரவு போட்டாள். "மஞ்சத்தூள் போதும்... பருப்புத் தண்ணி ஊத்துங்க... இப்போ பாத்துட்டே நில்லுங்க, கொதிக்க விடக் கூடாது. நுரை கட்டி மேல வரும். வந்ததும் இறக்கிடணும். எங்க திரும்பறீங்க? ரசத்தைப் பாருங்க!"

பார்த்துக்கொண்டே நின்றேன். விளிம்பில் முதலில் ஒரு வெள்ளை வளையம். அது மெல்ல நடுவுக்கு நகர்ந்து, பாத்திரம் முழுக்க நுரை ஒரு மூச்சு விடுவதுபோல் எழுந்தது. இறக்கினேன். நெய்யில் கடுகு வெடித்ததும் ஈர இலையை உருவிப் போட்டேன். படபடவென்று பொரிந்து கைமேல் தெறித்தது. அந்த மணம் வந்தபோது எனக்கு வயது நாற்பதாக இருந்தது, தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மகள் பள்ளிக்கூடப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக மூக்குக்குத் தெரிந்தது, அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சரியாக ஒரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவன் பின்னால் அவன் மனைவி, கையில் துணிப்பையோடு.

"எடுத்துட்டு வராதன்னு சொன்னேன்ணா, கேக்கல" என்றான், உள்ளே வருவதற்கு முன்பே. "எலுமிச்சங்கா ஊறுகாய்தான். வேண்டாம்னா கார்லயே வெச்சுட்டு..."

"குடும்மா" என்று அவன் மனைவியிடம் கையை நீட்டினேன். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

தம்பி என்னையே பார்த்தான். பிறகுதான் மாவுக்கட்டைப் பார்த்தான். "அண்ணி! கைக்கு என்னாச்சு? முன்னாடியே சொல்லக் கூடாதா? அப்போ சமையல் யாரு?"

"அதோ நிக்கறாரே, சட்டையைப் பாரு. பாதி ரசம் அதுல இருக்கு" என்றாள் இவள்.

அவன் உட்கார்ந்தான். சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். பொரியலை முடித்தான். யாரும் பழையதைப் பேசவில்லை. கடைசியில் டம்ளரை எடுத்து நீட்டினான். ஊற்றினேன். நாற்காலியை விட்டு எழுந்து, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்து குடித்தான்.

"அண்ணா."

"என்ன?"

"உப்பு ஒரு கல் கம்மி."

"எடுத்துட்டு வரேன்."

"வேணாம். இப்படியே இருக்கட்டும். இன்னொரு கரண்டி ஊத்துங்க."

நான்கு மணி வரை இருந்தார்கள். மனைவி ஊறுகாயை எங்கள் ஜாடிக்கு மாற்றச் சொன்னாள். அவர்கள் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அவள் போன மாதம் இடித்து வைத்திருந்த ரசப்பொடியை நிரப்பினேன். துணிப்பையின் அடியில் மிச்சமிருந்த கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் பாட்டிலை நிறுத்தினேன்.

வாசலில் தம்பி பைக்குள் எட்டிப் பார்த்தான். "இவ்வளவு கருவேப்பிலை எதுக்குண்ணா?"

"அது கருவேப்பிலை இல்ல. பாட்டில் உடையாம இருக்க மெத்தை."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. பையை ஒரு முறை திருப்பிக் கொடுப்பதுபோல் என் பக்கம் தூக்கினான். அன்று வளையல் பெட்டியை நான் அவன் கையில் திருப்பி வைத்ததும் அந்த உயரத்தில்தான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.